152184ஐ அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நவம்பர் நெருங்கினால் 152184 என்ற எண் அடிபட ஆரம்பித்துவிடும். பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் அதைச் சொல்வார்கள், விழா மேடையில் பெரியவர்கள் சொல்வார்கள். 1860க்கும் 1911க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்து இறங்கிய இந்தியர்களின் தொகை அது. மொத்தம் 384 கப்பல்கள். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்து சேர்ந்தது.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “அங்கிள், இது பிரைம் நம்பரா?” கடைசி இலக்கம் 4. இரட்டை எண், ஆகவே பகா எண் இல்லை என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். “அப்படியென்றால் எதனாலெல்லாம் வகுபடும்?” என்று அடுத்த கேள்வி வந்தது. அன்றைக்கு ஆத்திசூடி நடக்கவில்லை.

அன்று பலகையில் போட்டதையே இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். பள்ளிக்கூடத்தோடு கணக்கை மறந்தவர்களுக்கும் இது போதும். காகிதம், பென்சில், பதினேழாம் வாய்பாடு வரை கொஞ்சம் பழக்கம் இருந்தால் சரி. கைப்பேசியில் கால்குலேட்டர் இருக்கிறது, தெரியும். அதைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்

ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு. எங்கள் பிள்ளைகளுக்கு லட்சம் என்ற கணக்கே தெரியாது. இங்கே பள்ளியில் மூன்று மூன்று இலக்கமாக இடைவெளி விட்டு 152 184 என்று எழுதுவார்கள். ஊரில் 1,52,184 என்று போடுவோம். தமிழ் இலக்கத்தில் ௧௫௨௧௮௪. இன்னும் பழைய முறையில் போனால் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. கடைசி 184 மட்டும் ௱௮௰௪ என்று வரும்.

எப்படி எழுதினாலும் ஆட்கள் அத்தனை பேர்தான். இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் எண்ணின் பண்பு என்று நிறைய விஷயங்களைச் சொல்வார்கள். அதில் சிலது எண்ணுடையது, சிலது நாம் எழுதும் முறையுடையது. 152184இன் இலக்கங்களைப் பெருக்கினால் 320 வரும் என்பது எழுதும் முறையால் வருவது. வேறு முறையில் எழுதினால் அது காணாமல் போய்விடும். 3ஆல் மீதியின்றி வகுபடும் என்பது எந்த எழுத்தில் எழுதினாலும் போகாது. நாம் தேடப்போவது இரண்டாவது வகையை. முதல் வகை அதற்கு வழிகாட்டும் குறுக்குவழி, அவ்வளவுதான்.

பாதியாக்கிக்கொண்டே போங்கள்

152184இன் பாதி 76092. அதன் பாதி 38046. அதன் பாதி 19023. இது ஒற்றை எண், இதற்கு மேல் பாதியாகாது. மூன்று முறை பாதியாக்கினோம், ஆகவே எண்ணுக்குள் மூன்று 2கள் இருக்கின்றன: 8 × 19023.

பாதியாக்காமலே இதைத் தெரிந்துகொள்ளலாம். 1000 என்பது 8 × 125. எனவே ஆயிரங்களெல்லாம் தானாகவே 8ஆல் வகுபட்டுவிடும். மிச்சமுள்ள கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் போதும். 184 என்பது 8 × 23. சரி. 16க்கு இதேபோல் கடைசி நான்கு இலக்கம் பார்க்க வேண்டும்: 2184ஐ 16ஆல் வகுத்தால் 8 மீதி நிற்கிறது. ஆகவே நான்காவது 2 இல்லை.

இந்த இடத்தில் எனக்கு மானம் போனது. பலகையில் நான் 152148 என்று எழுதியிருந்தேன், கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறி. மூன்றாவது முறை பாதியாக்கும்போது 19018.5 என்று அரை வந்து நின்றது. “ஒரு ஆளை எப்படி அங்கிள் பாதியாக்குவது?” என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். அவள் நோட்டில் எண் சரியாக இருந்தது. இந்தத் தவறைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது, அடுத்ததை முடித்துவிட்டு வருகிறேன்.

இலக்கங்களைக் கூட்டுங்கள்

1 + 5 + 2 + 1 + 8 + 4 = 21. இது 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. முழு எண்ணும் அப்படியே. ஏன்? 10 என்பது 9ஐவிட ஒன்று கூட, 100 என்பது 99ஐவிட ஒன்று கூட, 1000 என்பது 999ஐவிட ஒன்று கூட. ஆகவே ஐம்பதாயிரத்தில் இருக்கும் 5 ஆகட்டும், எண்பதில் இருக்கும் 8 ஆகட்டும், 9ஆல் வகுத்தால் அந்த இலக்கத்தைத்தான் மீதியாக விட்டுவைக்கும். மீதிகளைத்தான் நாம் கூட்டுகிறோம்.

19023ஐ 3ஆல் வகுத்தால் 6341. இதன் இலக்கக் கூட்டல் 14. இன்னொரு 3 இல்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். 152148இன் இலக்கக் கூட்டலும் 21தான்! இலக்கங்கள் இடம் மாறினால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்கு. இங்கே 84 − 48 = 36. ஆகையால் பதிவேட்டிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதும்போது கூட்டல் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். 11 சோதனை இதைப் பிடித்துவிடும்: வலது பக்கத்திலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 152184க்கு 4 − 8 + 1 − 2 + 5 − 1 = −1. தப்பாக எழுதிய 152148க்கு 8 − 4 + 1 − 2 + 5 − 1 = 7. இரண்டும் வேறு வேறு, குட்டு உடைந்தது.

7, 11, 13: மூன்றுக்கும் சேர்த்து ஒரே சோதனை

கடைசி இலக்கம் 0 அல்லது 5 இல்லை, ஆகவே 5 போனது. அடுத்து 7. ஏழுக்குத் தனியாகச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டாம். 7 × 11 × 13 = 1001. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இங்கேதான் 152 184 என்று இடைவெளி விட்டு எழுதும் தென்னாப்பிரிக்கப் பழக்கம் கைகொடுக்கிறது. எண்ணை அந்த இடைவெளியில் இரண்டாக உடையுங்கள். வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்தைக் கழியுங்கள்: 184 − 152 = 32. எண்ணை 1001 × 152 + 32 என்று எழுதியது போலத்தான் இது. 152152உடன் 32ஐக் கூட்டிப் பாருங்கள். 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்று எண்களாலும் வகுபடுவதால், மிஞ்சிய 32 வகுபடுகிறதா என்பதுதான் கேள்வி. 32இல் இரண்டுகளைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே 7, 11, 13 மூன்றும் ஒரே கழித்தலில் வெளியே போய்விட்டன.

வாய்பாட்டில் எனக்குப் பிடித்த ஒரே தந்திரம் இதுதான். மற்றதெல்லாம் வேலை, இது வேடிக்கை.

6341 பகா எண்ணா?

மிச்சம் கையில் இருப்பது 6341. 80இன் வர்க்கம் 6400. ஆகவே 80க்குக் கீழே உள்ள பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 6341ஐ இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதினால் இரண்டுமே 80 அல்லது அதற்கு மேலாக இருக்க முடியாது, இருந்தால் பெருக்கம் 6400ஐ எட்டிவிடும். 13 வரை ஏற்கெனவே கழிந்துவிட்டது. 17 முதல் 79 வரை பதினாறு பகா எண்கள் மிச்சம். பிள்ளைகள் முகம் வாடியது.

17இல் தொடங்கினோம். 17 × 300 = 5100, போக 1241. 17 × 70 = 1190, போக 51. 17 × 3 = 51. மீதி இல்லை! முதல் அடியிலேயே விழுந்துவிட்டது: 6341 = 17 × 373.

373க்கு 19 வரை பார்த்தால் போதும், ஏனென்றால் 20இன் வர்க்கம் 400. 17ஆல் வகுத்தால் மீதி 16, 19ஆல் வகுத்தால் மீதி 12. சின்ன எண்கள் முன்பே போய்விட்டன. ஆகவே 373 பகா எண்.

152184 = 2 × 2 × 2 × 3 × 17 × 373.

வேறு யாராவது வேறு வழியில் ஆரம்பித்தாலும், உதாரணத்துக்கு 408 × 373 என்று முதலில் உடைத்தாலும், கடைசியில் இதே ஆறு பகா எண்கள்தான் வரும். இதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவிக் காட்டியவர் ஜெர்மானியக் கணித மேதை கௌஸ், 1801இல்.

373ஐ விட்டுப் போக மனம் வரவில்லை. முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கலாம். உள்ளே 3, 7, 37, 73 என்று எந்தத் துண்டை எடுத்தாலும் பகா எண். இப்படி எல்லாத் துண்டும் பகா எண்ணாக இருப்பவற்றில் மிகப் பெரியது இதுதான், இதற்கு மேல் கிடையவே கிடையாது. எழுதும் முறையால் வரும் அழகு என்று மேலே நானே தள்ளி வைத்த வகைதான் இது. இருக்கட்டும். முறைக்குக் கட்டுப்படாத ஒன்றையும் சொல்கிறேன்: 67, 71, 73, 79, 83 என்று அடுத்தடுத்து வரும் ஐந்து பகா எண்களைக் கூட்டினால் 373.

பிரித்தாகிவிட்டது, இனி என்ன?

பகாக் காரணிகள் கையில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எத்தனை எண்களால் இது மீதியின்றி வகுபடும்? 2ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம்: நான்கு வழி. 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டு வழி. 17க்கும் 373க்கும் அப்படியே. 4 × 2 × 2 × 2 = 32 காரணிகள். பட்டியல் போடுவதும் எளிது. 408இன் காரணிகள் பதினாறு: 1, 2, 3, 4, 6, 8, 12, 17, 24, 34, 51, 68, 102, 136, 204, 408. இவற்றை ஒவ்வொன்றாக 373ஆல் பெருக்கினால் மற்ற பதினாறு.

அத்தனை பேரையும் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சதுரமாக நிற்க முடியாது; 390 × 390 = 152100, 84 பேர் வெளியே நிற்பார்கள். யாரும் விடுபடாமல், சதுரத்துக்கு மிக அருகில் நிற்க வேண்டுமென்றால் 373 வரிசை, வரிசைக்கு 408 பேர்.

32 காரணிகள் என்றால் நிறையவா? ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணுக்கு அது அப்படியொன்றும் அதிகமில்லை. வெறும் 840க்கே 32 காரணிகள் உண்டு: 2 × 2 × 2 × 3 × 5 × 7. அமைப்பைப் பாருங்கள், மூன்று 2கள், அப்புறம் ஒவ்வொன்றாக மூன்று பகா எண்கள். நம் எண்ணின் அச்சு அசல். 5, 7 இருக்கும் இடத்தில் 17, 373 உட்கார்ந்திருக்கின்றன. 840க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அவ்வளவு காரணிகள் கிடையாது. இந்த மாதிரி எண்களை வரிசைப்படுத்தி ஆராய்ந்து 1915இல் கட்டுரை வெளியிட்டவர் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன்.

காரணிகளையெல்லாம் கூட்டினால்? முப்பத்திரண்டையும் எழுதிக் கூட்ட வேண்டாம். (1 + 2 + 4 + 8) × (1 + 3) × (1 + 17) × (1 + 373), அதாவது 15 × 4 × 18 × 374 = 403920. அந்த எண்ணையே கழித்துவிட்டால் மிச்சம் 251736. இப்படித் தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டல் தன்னைவிடப் பெரிதாக இருந்தால் மிகை எண் என்பார்கள். சமமாக இருந்தால் நிறைவெண். 6, 28 போல.

நம் எண் மிகை எண் என்று கண்டுபிடிக்க அந்தப் பெருக்கல்கூடத் தேவையில்லை. பாதி 76092, மூன்றில் ஒன்று 50728, ஆறில் ஒன்று 25364. மூன்றையும் கூட்டுங்கள்: 152184, கச்சிதமாக. அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று சேர்ந்தால் முழுசாகத்தானே வரும்? இன்னும் இருபத்தெட்டுக் காரணிகள் காத்திருக்கின்றன. ஆகவே 6க்கு மேற்பட்ட ஆறின் மடங்கு எதுவாக இருந்தாலும் அது மிகை எண்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வர்க்கங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக 152184ஐ எழுதவே முடியாது. 4ஆல் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண், காரணிகளில் ஒற்றைப்படையாக வந்தால் அது நடக்காது என்பது விதி. இங்கே 3 ஒரே ஒரு முறை வந்து கெடுத்துவிட்டது. ஆனால் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக, அதாவது கழித்தலாக எழுதலாம். 204 × 746 என்ற ஜோடியை எடுங்கள். கூட்டிப் பாதி 475, கழித்துப் பாதி 271. 475இன் வர்க்கம் 225625, 271இன் வர்க்கம் 73441. கழித்தால் நம் எண்.

கணினிக்குப் பிடித்த இரும முறையில் 100101001001111000. முதலில் மூன்று முறை பாதியாக்கினோமே, அந்த மூன்றும் வலது ஓரத்தில் மூன்று சுழியாக நிற்கின்றன.

384 கப்பல்களோடு சேர்த்துப் பார்த்தால்

சராசரியாக ஒரு கப்பலில் எத்தனை பேர்? 152184ஐ 384ஆல் வகுத்தால் 396, மீதி 120. அடுத்து 384ஐ 120ஆல் வகுத்தால் மீதி 24. 120ஐ 24ஆல் வகுத்தால் மீதி இல்லை. கடைசியாக நின்ற 24தான் இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி. யூக்ளிட் காலத்து முறை இது, இன்னும் இதைவிடச் சுருக்கமாக வேறு வழி எனக்குத் தெரியாது. இரண்டையும் 24ஆல் சுருக்கினால் 6341க்குக் கீழே 16. அதாவது கப்பலுக்கு 396 பேர், அதற்கு மேல் பதினாறில் ஐந்து பங்கு. புள்ளி வைத்து எழுதினால் 396.3125. சராசரி அப்படித்தான் வரும். ட்ரூரோவில் வந்தது 342 பேர் என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே புதியவர்கள் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. வந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். நம் எண் 3ஆல் சரியாக வகுபடுகிறதே என்று கணக்குப் போட்டு, 101456 பேர் சென்னையிலிருந்து வந்தார்கள் என்று ஒரு மாணவி கட்டுரையில் எழுதிவிட்டாள். பெருக்கலில் தப்பில்லை. ஆனால் “சுமார்” என்று தொடங்கிய கணக்கு கடைசி ஆள் வரை துல்லியமாக முடிய முடியாது. “ஏறக்குறைய ஒரு லட்சம்” என்று எழுதச் சொன்னேன்.

உங்கள் வீட்டு எண்

வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கொலோனியல் நம்பர் என்று இன்றும் சொல்கிறோம். பழைய காகிதங்களில் பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல் இவற்றோடு அதுவும் இருக்கும். பல வீடுகளில் பெயரின் எழுத்து மாறிப்போயிருக்கும், எண் மட்டும் மாறாமல் இருக்கும். அதை எடுத்து மேலே சொன்னபடி செய்து பாருங்கள். 152184க்குள் அடங்கும் எண் என்றால் 390 வரை சோதித்தால் போதும். அதற்குள் இருப்பவை 77 பகா எண்கள். பெரும்பாலும் நாலைந்திலேயே ஏதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும்.

எங்கள் ஆயாவின் எண்ணை இங்கே எழுதவில்லை, அது வீட்டோடு இருக்கட்டும். கடைசி இலக்கம் 9, ஐந்து இலக்க எண். 7 இல்லை, 11 இல்லை, 13 இல்லை, 17 இல்லை என்று போய்க்கொண்டே இருந்தது. தேநீர் ஆறி, மறுபடி போட்டு, அதுவும் ஆறியது. பகா எண்.

கையில் எண் எதுவும் இல்லாதவர்கள் ட்ரூரோவின் 342இல் தொடங்குங்கள். பாதியாக்குங்கள், இலக்கங்களைக் கூட்டுங்கள். 2 × 3 × 3 × 19 வர வேண்டும். காரணிகள் பன்னிரண்டு.